நேரலையில் நிருபரின் காதில் அவர் குரலே திரும்பக் கேட்கிறது. சோதித்தபோது ஐஎஃப்பி (ஸ்டூடியோவிலிருந்து நிருபரின் காதுக்குப் போகும் ஒலி இணைப்பு) சரியாகத்தான் இருந்தது. எங்கே தவறு?

சோதித்தபோது அவரிடம் என்ன கேட்டிருப்பீர்கள் என்று என்னால் சொல்ல முடியும். "கேட்கிறதா?" என்றிருப்பீர்கள். "நன்றாகக் கேட்கிறது சார்" என்று அவர் சொல்லியிருப்பார். நீங்களும் அடுத்த வேலைக்குப் போயிருப்பீர்கள். நான்கு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டும் சின்னச் சேனலாக இருந்தால் அதற்குமேல் நேரமும் இருக்காது. குறை சொல்லவில்லை. நானும் அதைத்தான் செய்தேன், அதுவும் ஒரு புயல் நாளில்.

2011 டிசம்பர் 30. தானே புயல் அன்று காலை கடலூர் அருகே கரையைக் கடந்தது. சென்னையில் ஒரு செய்திச் சேனலின் பிசிஆரில், அதாவது நிகழ்ச்சியை இயக்கும் கட்டுப்பாட்டு அறையில், ஒலிக் கலவை மேசையில் நான் இருந்தேன். கடலூரில் ஒரு ஓபி வேன் (வெளியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக நேரலை அனுப்பும் வண்டி), புதுச்சேரியில் ஒன்று. கடலூரில் அலைபேசி இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. நிருபரின் காதுக்கு ஒலி போக வேண்டியதோ அந்த அலைபேசி வழியாகத்தான். ஒருவழியாக இணைப்பு கிடைத்ததும் "கேட்கிறதா தம்பி?" என்றேன். "கேட்கிறது அண்ணே" என்றார்.

ஐந்து மணிச் செய்தியில் திரைக்கு வந்தார். பின்னால் முறிந்து விழுந்த மரம். "கடலூர் மாவட்டம் முழுவதும்" என்பது வரை ஒழுங்காகப் போனது. பிறகு "மின்... மின்சாரம்... மின்சாரம் துண்... துண்டிக்க" என்று இழுக்க ஆரம்பித்தார். எங்கள் பையன்களிலேயே தண்ணீர் பட்டபாடாகப் பேசுகிறவர் அவர். கடைசியில் இயர்பீஸைப் பிடுங்கித் தோளில் போட்டுவிட்டு மளமளவென்று பேசி முடித்தார். வாசிப்பாளர் ஒரு கேள்வி கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். நிருபர் கேமராவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். வீட்டில் பார்த்தவர்கள் அவரைத்தான் திட்டியிருப்பார்கள்.

தவறு என்னுடையது. நிருபரின் காதுக்குப் போவது மிக்ஸ் மைனஸ், அதாவது நிகழ்ச்சியின் முழு ஒலியிலிருந்து அவர் குரலை மட்டும் கழித்த ஒலி. மேசையில் ஒவ்வொரு ஒலிக்கும் அளவை ஏற்றி இறக்க ஒரு ஃபேடர் உண்டு. கடலூர் வேன் வழக்கமாக 13-ஆம் ஃபேடரில் வரும், புதுச்சேரி 14-இல். அன்று மதியம் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைப் பிரித்து அனுப்பும் எம்சிஆர் அறையில் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார்கள். மேசையில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பைக் கிழித்துப் புதிதாகப் பெயர் எழுதினேன். ஆக்ஸை, அதாவது ஒவ்வொரு நிருபரின் காதுக்கும் மேசையிலிருந்து தனியாகக் கலந்து அனுப்பும் தடத்தை, மாற்ற மறந்தேன். கடலூர்க்காரர் காதுக்குப் போன ஆக்ஸில் புதுச்சேரிக்காரர் கழிந்திருந்தார், கடலூர்க்காரர் முழுசாக இருந்தார்.

ஸ்டூடியோவுக்குள் என்றால் தன் குரல் காதில் விழுந்தாலும் தாமதம் தெரியாது, சமாளித்துவிடலாம். வேனிலிருந்து குரல் வரும் செயற்கைக்கோள் இருப்பதோ சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில். குரல் மேலே போய் இறங்கவே கால் விநாடி ஆகிறது. ஒலியைச் சுருக்கி அனுப்பும் என்கோடர், அதை விரிக்கும் டிகோடர், திரும்பும் அலைபேசி எல்லாம் சேர்ந்தால் அரை விநாடியைத் தாண்டும். தன் சொல் அவ்வளவு பிந்தித் தன் காதில் விழுந்தால் எப்பேர்ப்பட்ட பேச்சாளருக்கும் நாக்கு குழறும்.

சோதனையில் இது ஏன் சிக்கவில்லை? நான் பேசும்போது அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். பேசாதவர் குரல் எப்படித் திரும்பி வரும்?

இப்போது நான் செய்வது இது. விளம்பர இடைவேளையில் நிருபரின் ஃபேடரை ஒளிபரப்புக்கு ஏற்றுகிற அளவுக்கு ஏற்றிவிட்டு, இருபது விநாடி நிறுத்தாமல் பேசச் சொல்வேன். பதினேழாம் வாய்ப்பாடாக இருந்தாலும் சரி. நடுவில் டாக்பேக்கை (நான் நிருபரின் காதில் பேசுவதற்கான பொத்தான்) அழுத்தி "தேங்காய்" என்பேன். பேச்சு தடுமாறாமல் அவர் "தேங்காய்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவர் குரல் திரும்பவில்லை, என் குரல் குறுக்கே விழுகிறது, அங்குள்ள இரைச்சலுக்கு ஒலி அளவு போதும் என்று மூன்றும் ஒரே மூச்சில் தெரிந்துவிடும். இரண்டு நிருபர்கள் என்றால் இருவருக்கும் தனித்தனி ஆக்ஸ், தனித்தனிச் சோதனை. ஒரே ஆக்ஸை இருவருக்கும் பங்கு போடாதீர்கள்.

டிஜிட்டல் மேசைகள் மிக்ஸ் மைனஸைத் தாமே போட்டுக்கொள்ளும் என்று கீழே ஒருவர் வந்து எழுதுவார். போடும், ஐயா. எந்த ஃபேடரில் வருவது எந்த நிருபர் என்று அந்த மேசைக்குச் சொல்வது யார்? உங்களையும் என்னையும் போல மதியச் சாப்பாட்டைத் தவறவிட்ட ஒருவர்தான்.

அலைபேசி வழியாகக் கொடுக்கிறீர்கள் என்றால் கால் வெயிட்டிங்கை நிறுத்தச் சொல்லுங்கள். நேரலை நடுவே வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் காதில் பீப் பீப் என்று அடிக்கும். இயர்பீஸின் சுருள் குழாயைக் கழற்றி ஊதியும் பாருங்கள். பல கைகள் மாறும் குழாயில் குறும்பி அடைத்துக்கொள்ளும், நிருபர் சத்தம் போதவில்லை என்பார், நீங்கள் ஏற்றிக்கொண்டே போவீர்கள். ஆளுக்கொரு காதுமுனை வாங்கித் தரச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். செலவு என்றார்கள். அதே மாதம் வரவேற்பறைக்குப் பளிங்கு போட்டார்கள். அந்தப் புயலுக்கு இரண்டு இரவு தங்கிப் பார்த்த வேலைக்கான ஈடுசெய் விடுப்பும் வரவில்லை, நானும் அங்கிருந்து வந்துவிட்டேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உங்கள் நிருபர் எந்த ஃபேடரில் வருகிறார், அவர் காதுக்குப் போகும் ஆக்ஸில் எந்த ஃபேடர் இறக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தும் குரல் திரும்பினால் மேசையின் பெயரைக் கருத்தில் எழுதுங்கள், பார்க்கிறேன்.