சிஆர்எம் எதை வாங்கலாம்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பன்னிரண்டு வருடமாகக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சிறு நிறுவனங்களுக்கு சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களையும் அவர்களோடு பேசியதையும் ஒரே இடத்தில் பதிந்து வைக்கும் மென்பொருள்) அமைத்துக் கொடுக்கிறேன். எந்த கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. கேளுங்கள்.

மோட்டார் பம்ப் விற்கிறோம், சேல்ஸில் 6 பேர். ஜோஹோ, ஃப்ரெஷ்சேல்ஸ், ஹப்ஸ்பாட் மூன்றையும் பார்த்துக் குழம்பிவிட்டோம். எதை எடுக்கலாம்?

உங்களுக்கு என்கொயரி எப்படி வருகிறது? பெரும்பாலும் போனில்தான் இருக்கும். அப்படியானால் ஹப்ஸ்பாட் வேண்டாம். வெப்சைட், இமெயில் வழியாக ஆள் பிடிப்பவர்களுக்கு அது அருமையான கருவி. ஆனால் ஆரம்பத் திட்டத்திலிருந்து அடுத்த பெரிய திட்டத்துக்குப் போகும்போது விலை ஒரேயடியாக ஏறும்.

ஜோஹோ சிஆர்எம் 2005லிருந்து இருக்கிறது. எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், கொட்டேஷன் போடலாம். அந்த வசதிகளே புதியவர்களை மிரட்டும். அதனால்தான் அவர்களே 2020ல் சிறு நிறுவனங்களுக்கென்று பிகின் என்ற எளிய சிஆர்எம்மைக் கொண்டுவந்தார்கள். 6 பேருக்கு முதலில் அதைப் பாருங்கள். ஃப்ரெஷ்சேல்ஸில் போன், மெயில், குறிப்பு எல்லாம் ஒரே திரையில் வரும், சீக்கிரம் பழகிவிடும்.

டெமோ காட்ட வருபவர் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கடையில் வயதில் மூத்த சேல்ஸ்மேனிடம் போனைக் கொடுங்கள். ‘300 அடி போர், 5 ஹெச்பி சப்மெர்சிபிள், வியாழக்கிழமை கூப்பிடச் சொன்னார்’ என்று பதியச் சொல்லி, எத்தனை தட்டு தட்டுகிறார் என்று எண்ணுங்கள். ஒரு கடையில் ஒரு மென்பொருளில் 11 தட்டு, இன்னொன்றில் 4. அவர்கள் நாலு தட்டை எடுத்தார்கள், இன்றும் அதைத்தான் ஓட்டுகிறார்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. பணம் கட்டும் முன் டேட்டாவை வெளியே எடுத்துப் பாருங்கள்.

இலவசமாக ஏதாவது?

ஜோஹோ சிஆர்எம் 3 பேர் வரை இலவசம். ஓடூ என்ற மென்பொருளின் கம்யூனிட்டி பதிப்பும் இலவசம், ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

எது பெஸ்ட் சார்?

முதல் பதிலைப் பாருங்கள்.

நானும் தம்பியும் மட்டும்தான். எக்செல் போதாதா?

போதும். ‘அடுத்து கூப்பிட வேண்டிய தேதி’ என்று ஒரு நெடுவரிசை (column) போட்டு, தினமும் காலையில் அதை வரிசைப்படுத்துங்கள். மூன்றாவது ஆள் சேரும்போது யோசிக்கலாம்.

பழைய எக்செல் லிஸ்டை ஏற்றினோம். 2,000 நம்பரும் கெட்டுவிட்டது.

91 சேர்த்து 12 இலக்கமாக எழுதியிருப்பீர்கள். எக்செல் அதை ஒரு பெரிய எண் என்று நினைத்து, 9.19 என ஆரம்பித்து ‘ஈ பிளஸ் 11’ என்று முடிகிற மாதிரி சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (சிஆர்எம்மில் ஏற்றுவதற்கான எளிய எழுத்துக் கோப்பு) சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். மூல எக்செல் கோப்பு இருந்தால் பயமில்லை. அந்த நெடுவரிசையை முழு எண்ணாகத் தெரியும்படி மாற்றிவிட்டு மறுபடி சேமியுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்குறிகளாக வரும். எப்போதும் முதலில் 10 பேரை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பை இணைத்தால் எல்லா பார்ட்டிக்கும் விலைப்பட்டியல் அனுப்பலாமா?

சிஆர்எம்மோடு இணையும் பிசினஸ் ஏபிஐயில் (வாட்ஸ்அப்பை வேறு மென்பொருளோடு இணைக்கும் வழி), வாடிக்கையாளர் கடைசியாக மெசேஜ் போட்டதிலிருந்து 24 மணி நேரம்தான் இஷ்டப்படி பதில் எழுதலாம். அதற்குப் பின் வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட் (மாதிரிச் செய்தி) மட்டுமே போகும், அதற்குத் தனிக் கட்டணம். கேட்காதவர்களுக்கு அனுப்பாதீர்கள், பிளாக் செய்வார்கள்.

14 வருடமாக நூல் விற்கிறேன். பவானி, சென்னிமலை பார்ட்டிகள் என்னை நம்பி வாங்குகிறார்கள். நம்பரையெல்லாம் சாஃப்ட்வேரில் போட்டால் நாளைக்கு என்னை அனுப்பிவிட மாட்டார்களா?

உங்கள் பயம் நியாயம். லிஸ்ட் கைக்கு வந்த இரண்டாவது மாதமே கமிஷனைக் குறைத்த நிறுவனத்தைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம் இன்னொரு இடத்தில் சேல்ஸ்மேன் விபத்தில் அடிபட்டு மூன்று வாரம் படுத்துவிட்டார். யாருக்கு என்ன ரேட் சொன்னார், எத்தனை நாள் கடன் கொடுத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கஷ்டப்பட்டுச் சேர்த்த பார்ட்டிகளை இழந்தது அவரும்தான்.

சிஆர்எம்மில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் ‘ஓனர்’ என்று ஒரு இடம் இருக்கும். அதில் உங்கள் பெயர் இருக்கட்டும். அந்தப் பார்ட்டியின் அடுத்தடுத்த ஆர்டருக்கும் உங்களுக்குக் கமிஷன் என்று எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு பதியுங்கள்.

(ஒரு மில் முதலாளி) சம்பளமும் பெட்ரோலும் நாங்கள் கொடுக்கிறோம். நம்பர் எப்படி அவருடையதாகும்?

நம்பர் உங்களுடையதுதான். ஆனால் வற்புறுத்திப் பதிய வைத்தால் என்ன வரும் தெரியுமா? ஒரு நிறுவனத்தில் 400 வரிகளைத் திறந்து பார்த்தேன். ‘பேசினேன்’, ‘பேசினேன்’, ‘கூப்பிட்டேன்’. அவ்வளவுதான். மாதாமாதம் பணம் கட்டி வாங்கியது அதைத்தான். விற்பவர் மனதார எழுதாத வரை எந்த மென்பொருளும் உங்களுக்கு உதவாது. கமிஷனை முதலில் பேசி முடியுங்கள்.

(நூல் விற்கிறவர் மறுபடி) அந்த ஓனர் பெயரை அவர்களே மாற்றிவிட முடியாதா?

முடியும். அதனால், யார் எப்போது மாற்றினார் என்ற வரலாறு நீங்கள் வாங்கும் திட்டத்தில் தெரிகிறதா என்று கேளுங்கள். மாதக் கடைசியில் உங்கள் பெயரில் உள்ள பார்ட்டி லிஸ்டைப் பிரிண்ட் எடுத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு இடத்தில் இதைச் செய்ய வைத்தேன். அதற்குப் பிறகு அங்கே குறிப்புகள் மூன்று வரி, நான்கு வரி என்று வர ஆரம்பித்தன.

10 பேர் கம்பெனிக்கு சேல்ஸ்ஃபோர்ஸ்?

வேண்டாம். அதைப் பராமரிக்கவே தெரிந்த ஆள் தேவைப்படும்.

டாலரில் பில் வந்தால் ஜிஎஸ்டி?

வெளிநாட்டு நிறுவனத்தின் பில் என்றால் ரிவர்ஸ் சார்ஜ் வரும், அதாவது வரியை விற்பவருக்குப் பதில் நீங்களே கட்ட வேண்டும். கணக்கை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

எந்த சிஆர்எம் நல்லது?

மறுபடியும் இதே கேள்வி. எத்தனை பேர், என்கொயரி எப்படி வருகிறது, இரண்டையும் எழுதுங்கள். இல்லாமல் சொன்னால் உங்கள் பணம்தான் வீணாகும்.

எங்கள் டிரையல் முடிய 3 நாள் இருக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்?

இன்று ராத்திரியே எக்ஸ்போர்ட் எடுங்கள். பெயரும் நம்பரும் எல்லாவற்றிலும் வரும். குறிப்புகள், போட்ட கொட்டேஷன்கள், இணைத்த கோப்புகள் வருகின்றனவா? வெளியே வந்த கோப்பை உங்கள் சேல்ஸ்மேனிடமே காட்டி, போன வாரம் பேசிய மூன்று பார்ட்டிகளைத் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் பணம் கட்டுங்கள்.