எட்டு வரிப் பலாப்பழம்

அன்புள்ள ஐயா,

சின்னப் பிள்ளைகளுக்குக் கதையைக் கையிலும் மூக்கிலும் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, என் ஒன்றாம் வகுப்பில் இரண்டு பக்கக் கடல் கதை ஒன்றைச் சொன்னேன். மணல், சங்கு, வலை, நெத்திலிக் கருவாடு, செல்போனில் அலைச்சத்தம் எல்லாம் மேசையில் வைத்தேன். பொருளுக்குச் சண்டை வந்ததே தவிர கதையை யாரும் கேட்கவில்லை. அலைச்சத்தம் வந்ததும் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான். எங்கே தவறு?

வ., கடலூர் முதுநகர்

அன்புள்ள டீச்சர்,

இரண்டு பக்கம் அதிகம். எட்டு வரி போதும், மிஞ்சினால் பத்து. பேச்சே புரியாத, பலவகைக் குறைபாடுகள் உள்ள பிள்ளைகளுக்கும் கதை போய்ச்சேர வேண்டும் என்று பிரிட்டனில் வளர்ந்த முறை இது. அதனால் ஒரு வரிக்கு ஒரு பொருள்தான். பொருளும் கதைக்குப் படமாக வருவதில்லை, அந்த வரியே அதுதான். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினால் பிள்ளைகளுக்கு அது கடை. மஞ்சப்பையில் போட்டுவைத்து ஒன்றை எடுங்கள், பிள்ளைகள் கையில் சுற்றி வந்ததும் உள்ளே போடுங்கள், அப்புறம் அடுத்த வரி.

ஜூனில் பள்ளி திறக்கும்போதும் பண்ருட்டிப் பலா கிடைக்கும், அதை வைத்தே சொல்கிறேன். 'அப்பா பழம் வாங்கி வந்தார்', சின்னப் பழமாகப் பார்த்து மடியில் வையுங்கள், கனம் தெரியட்டும் (ஐம்புலன் என்று நிறுத்திவிடுகிறோம், கனத்தை அறிவது தசையும் மூட்டும்). 'மேலெல்லாம் முள்ளு.' 'தட்டினால் தொம் தொம்.' 'கையில் எண்ணெய் தடவு.' 'அம்மா அரிந்தாள், வீடெல்லாம் வாசனை.' இந்த வரிக்குச் சுளையை முன்பே அரிந்து தூக்குச்சட்டியில் இறுக மூடி வைத்து அப்போதுதான் திறக்க வேண்டும், முதலிலேயே திறந்துவிட்டால் மூக்கு பழகிப்போய் அந்த வரி செத்துவிடும். 'பிசுபிசுன்னு ஒட்டுது.' 'ஒரு சுளை தின்னேன்.' 'கொட்டை வழவழன்னு இருக்கு.' அவ்வளவுதான் கதை.

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். விளக்கம் வேண்டாம். அந்த மௌனத்தில்தான் பிள்ளை கதைக்குள் போகிறது, நாம் பேசினால் திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். மறுநாளும் அதே கதை, அதே சொல், அதே வரிசை. சில நாளில் நீங்கள் பழத்தைத் தொடும் முன்பே யாராவது 'தொம் தொம்' என்பார்கள்.

முந்திரி நம் பக்கத்துப் பொருள்தான், ஆனால் ஓட்டோடு வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள், ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். எதையும் தின்னக் கொடுக்கும் முன் ஒவ்வாமை உண்டா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள்.

கடல் கதையையும் விட்டுவிடாதீர்கள், தேவனாம்பட்டினத்து ஈரமணலும் காய்ந்த மணலும் மட்டுமே இரண்டு வரி. கருவாடு வரும்போது மட்டும் உங்கள் முகத்தைக் கவனியுங்கள். கடலோரத்துப் பிள்ளைக்கு அது வீட்டு வாசனை, பக்கத்தில் ஒரு பிள்ளை 'சீ' என்றால் அது வீட்டைச் சொன்ன மாதிரி. நீங்கள் முதலில் ஆசையாக முகர்ந்துவிட்டு நீட்டுங்கள்.

அந்தப் பையன் மூலையில் இருந்தே கேட்கட்டும், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். செல்போனை விட்டுவிட்டுச் சங்கை அவன் கையில் கொடுங்கள், காதில் வைப்பதா தள்ளிப் பிடிப்பதா என்று அவனே முடிவு செய்யட்டும். சத்தம் வருகிற வரி எது என்று முன்பே அவனிடம் சொல்லிவையுங்கள். பையைத் தூக்கிவரும் வேலையை அவனுக்குக் கொடுக்க முடியுமா, பாருங்கள்.