நாட்டு நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் அத்தனையும் தென்மாவட்ட நாய்களைச் சுற்றியே இருக்கின்றன. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு இவற்றுக்கான கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறும் இடத்தில் கதைவிடுகிறவர்களும் வந்துவிடுவார்கள்.

கே: ராஜபாளையம் குட்டி ஒன்று பார்த்திருக்கிறோம். 45 நாள். தூய வெள்ளை, ரோஸ் மூக்கு, நீலக் கண். "பாளையக்காரர் காலத்து ரத்தம், நீலக் கண் அபூர்வம்" என்று மற்றக் குட்டிகளைவிட 8,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? (மதுரை வாசகர்)

எட்டு ரூபாய்கூடக் கூடுதலாக வேண்டாம்.

முதலில் கண். எந்த இனமானாலும் குட்டி கண் திறக்கும்போது நீலச் சாயல்தான் இருக்கும். உண்மையான நிறம் தெரிய ஏழெட்டு வாரமாவது ஆகும். ராஜபாளையத்துக்கு உரியது தேன் நிறக் கண். வளர்ந்த பிறகும் நீலமாகவே நின்றுவிட்டால் அதை ஒரு குறையின் அடையாளமாகத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த இனத்தின் பெரிய சிக்கல் பிறவிச் செவிடு. தோலுக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் நரம்பணுக்கள் பட்டுப்போகின்றன. ஐந்தாவது வாரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். பிறகு மருந்தில்லை. 'இன்னும் வெள்ளை, இன்னும் ரோஸ்' என்று நாம் தேடத் தேட, வளர்ப்பவர்களும் அப்படியே ஜோடி சேர்க்கிறார்கள். செவிட்டுக் குட்டிகள் பெருகுகின்றன. இதில் வாங்குபவர்களுக்கும் பங்கு உண்டு.

காதைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது கை தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. கேட்காத குட்டி மற்றவை ஓடுவதைப் பார்த்துத் தானும் ஓடிவரும். ஒரு குட்டியை மட்டும் தனி அறைக்குக் கொண்டுபோங்கள். பின்பக்கம், ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். உங்கள் நிழல் அதன் முன்னால் விழக்கூடாது. கை தட்டினால் காற்று அசையும், காலைத் தட்டினால் தரை அதிரும், இரண்டும் வேண்டாம். சாவிக்கொத்து, விசில், செல்போனில் பதிந்த நாய்க்குரல் போதும். ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவே ஒரு நிமிடம் விடுங்கள். சத்தம் கேட்ட குட்டி காதை அசைக்கும், தலையைத் திருப்பும், இல்லையென்றால் விளையாட்டை நிறுத்தும். தூங்கும்போது இதைச் செய்து பார்ப்பது இன்னும் நம்பகமானது. இரண்டு காதும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி தப்பிவிடும். அது எந்தப் பக்கம் சத்தம் வந்தாலும் ஒரே பக்கமாகத் திரும்பும். அதை உறுதியாகச் சொல்வது, சத்தத்துக்குக் காதும் மூளையும் தரும் மின்துடிப்பைப் பதியும் 'பேயர்' என்ற மின்பதிவுச் சோதனை மட்டுமே. அது எல்லா ஊரிலும் கிடைக்காது.

'பாளையக்காரர் ரத்தம்' விஷயம். வெள்ளைக்காரர்கள் இந்த நாயைப் பாளையக்காரர் நாய் என்றே எழுதியிருக்கிறார்கள், பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. 2005 ஜனவரி 9 அன்று தபால்துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய்கள் வரிசையில் இதற்கும் ஒரு தபால்தலை உண்டு. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தில் முதலில் பதிவான மூன்று நாய் இனங்களில் இதுவும் ஒன்று (மற்றவை சிப்பிப்பாறை, முதோள்). இந்த மரியாதையெல்லாம் இனத்துக்குக் கிடைத்தது. உங்களிடம் நீட்டப்படும் குட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று காட்ட தாய்நாயும், நாய் இனங்களைப் பதியும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றும், அந்தச் சான்றில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகும், தோலுக்கடியில் செலுத்திய மைக்ரோசிப்பும் வேண்டும். சான்று இல்லையென்றால் தாயையாவது பாருங்கள். வளர்ந்த ராஜபாளையம் தோள் உயரம் 65 முதல் 75 செ.மீ. இருக்கும். ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, குட்டையாகப் படிந்த மயிர், நுனி சற்றே மேல்நோக்கி வளையும் மெல்லிய வால். வால் புசுபுசுவென்றோ, மயிர் அடர்ந்தோ, கழுத்துத் தோல் மடிமடியாகத் தொங்கியோ இருந்தால் வேறு ரத்தம் கலந்திருக்கிறது.

கடைசியாக, அந்த '45 நாள்'. ஊரெல்லாம் வழக்கம் இதுதான். ஆனால் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக்கூடாது, வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. 45 நாளில் தாயை விட்டுப் பிரித்த குட்டி, கூடப்பிறந்தவற்றோடு விளையாடிக் கற்கும் 'மெல்லக் கடிக்கும்' பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வரும். இப்படி வந்தவை பிற்பாடு விளையாட்டிலும் பல் பதியக் கடிக்கலாம். இன்னும் பதினோரு நாள் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். "இல்லை, வேறு ஆள் நிற்கிறார்" என்றால் அந்த வேறு ஆள் எடுத்துக்கொள்ளட்டும்.

கே: சிப்பிப்பாறை என்று வாங்கினோம். இப்போது நாலு மாதம். உடம்பு கறுப்பு, காலும் வாயும் பழுப்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே பொட்டு. "இது கன்னி, ஏமாந்துட்டீங்க" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எலும்பு வேறு தெரிகிறது, பட்டினி போடுகிறோம் என்று தெருவே பேசுகிறது. (திருப்பூர் வாசகர்)

ஏமாந்ததாகச் சொல்ல முடியாது. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை ஓர் ஊர்ப்பெயர். கன்னி தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வழங்கும் பெயர். இரண்டும் முயல் வேட்டைக்கு வளர்த்த, கண்ணால் பார்த்துத் துரத்தும் ஒல்லி நாய்கள். கறுப்பில் பழுப்பும் பொட்டும் இருந்தால் கன்னி; செவலை (செம்பழுப்பு), மயிலை (சாம்பல்), சந்தன நிறமானால் சிப்பிப்பாறை என்று பிரிப்பவர்கள் உண்டு. நிறம் மட்டும்தான் வேறு, நாய் ஒன்றே என்பவர்களும் உண்டு. மரபியல்படி பொட்டுக் கறுப்பு ஒடுங்கிய பண்பு. தாயும் தகப்பனும் செவலையாக இருந்து, இரண்டும் அந்தப் பண்பை மறைத்து வைத்திருந்தால், ஏறக்குறைய நாலில் ஒரு குட்டி உங்களுடையது போலப் பிறக்கும். நிறம் சொல்லி விலை கூட்டி விற்றிருந்தால்தான் புகாருக்கு இடமுண்டு.

எலும்பு: கடைசி இரண்டு மூன்று விலா எலும்பும், இடுப்பு எலும்பின் முனையும் தெரிவது இந்த உடம்புக்கு இயல்பு. முதுகெலும்பு பல்லுப் பல்லாக நிற்பது, தொடைச் சதை வற்றுவது, மயிர் மங்குவது இயல்பல்ல. விலா தெரிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் புழு. குடற்புழு மருந்து இரண்டாம் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. எடை பார்த்துத்தான் அளவு.

பால் சோறும் தயிர் சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் முன்னங்கால் வளையும். வெறும் கறி மட்டும் போட்டாலும் அதே கதிதான். கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சோற்றோடு முட்டை, கோழி, ஈரல் கொஞ்சம் சேருங்கள், அல்லது குட்டிகளுக்கான தயார் உணவு கொடுங்கள். தயார் உணவு கொடுக்கிறவர்கள் அதன்மேல் கால்சியம் டானிக்கும் ஊற்ற வேண்டாம், அதிகமானாலும் எலும்பு கெடும். நாலு மாதத்துக்கு மூன்று வேளை. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும்.

இன்னொன்று: கருத்தடைக்கோ வேறு அறுவைக்கோ கொண்டுபோகும்போது 'ஒல்லி வேட்டை நாய்' என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கொழுப்பு குறைந்த இந்த வகை நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் உடம்பை விட்டு இறங்க நேரமாகும்.

கே: வாங்கிய ராஜபாளையம் குட்டிக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. விற்றவர் "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாது" என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? (கோவை வாசகர்)

'உயிருள்ள பொருள்' என்று ஒரு தனிச் சலுகை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. அசையும் சொத்து எதுவும் அந்தச் சட்டத்தில் 'பொருள்'தான். விற்ற நாளிலேயே இருந்த குறையை மறைத்தோ சோதிக்காமலோ விற்றது குறைபாடுள்ள பொருளை விற்றதாகும். உங்களுக்குச் சாதகம் என்னவென்றால், பிறவிச் செவிடு ஐந்தாவது வாரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. உங்கள் வீட்டில் வந்ததென்று சொல்ல அவருக்கு இடம் குறைவு. மருந்தாலோ காதுச் சீழாலோ வந்த செவிடு அல்ல என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். காதுக்குள் பார்த்ததையும், இதுவரை கொடுத்த மருந்துகளையும், முடிந்தால் மின்பதிவு முடிவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

பணம் போன கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரம், தடுப்பூசி அட்டை இவற்றை அச்செடுத்து, 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம், விற்றவர் ஊருக்குப் போக வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் ஒருமுறை பேசிப் பாருங்கள், சிலர் அந்த அழைப்புக்கே இறங்கிவருவார்கள்.

இரண்டு இடத்தில் வழக்கு இடறும். குட்டி போடவைத்து விற்பதற்காக வாங்கியிருந்தால் அது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பும். தன் வீட்டு நாய் ஒருமுறை போட்ட குட்டியைத்தான் அவர் விற்றார் என்றால், 'நான் வியாபாரி இல்லை' என்பார். அவர் தொடர்ந்து விளம்பரம் போட்டுவருவதற்கான படங்கள் இருந்தால் அந்த வாதம் நிற்காது.

குட்டியைத் திருப்பிக் கொடுப்பதுதான் ஒரே வழி என்று நினைக்க வேண்டாம். கைச்சைகையில் பழக்கலாம், வெளியே எப்போதும் கயிற்றோடுதான் போக வேண்டும். இணை மட்டும் சேர்க்காதீர்கள்.

கே: குட்டி வீட்டுக்கு வந்த நாலாம் நாள் வாந்தி, ரத்தக் கழிச்சல். ஆறாம் நாள் போய்விட்டது. பார்வோ என்றார் டாக்டர். "உங்க வீட்லதான் ஒட்டிச்சு, வேணும்னா அதே ஈத்துல இன்னொரு குட்டி தரேன்" என்கிறார் விற்றவர். (சேலம் வாசகர்)

அந்த இன்னொரு குட்டியைத் தொடாதீர்கள்.

பார்வோ கிருமி உடம்பில் நுழைந்து நோய் தெரிய பொதுவாக மூன்று முதல் ஏழு நாள், சில நேரம் இரண்டு வாரம்வரை ஆகும். நாலாம் நாள் கழிச்சல் என்றால் விற்றவர் கொட்டிலில் ஒட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி என்று சொல்லிவிட முடியாது. உங்கள் வீட்டில் முன்பு பார்வோவில் ஒரு நாய் இறந்திருந்தால் கிருமி மாதக்கணக்கில் தரையில் கிடக்கும். ஆகவே ஆதாரம் முக்கியம்: நாள், நேரம் போட்ட மருத்துவர் குறிப்பு, மலச் சோதனை அட்டையின் படம், தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவர் பதிவு எண்ணும் உண்டா என்பது. வெறும் பேனாவில் தேதி எழுதிய அட்டை சந்தேகத்துக்குரியது. விற்றவர் தானே குட்டிக்குப் போட்ட ஊசியும் கணக்கில் வராது. இனி யாருக்கும் இப்படி நேர்ந்தால் உடலைப் புதைப்பதற்கு முன் அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைக்குக் கேளுங்கள். அதுவரை குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக் குளிர் போதும். உறையவைத்தால் திசு கெட்டுவிடும்.

பணமாகத் திரும்பக் கேளுங்கள். மருத்துவச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டைக் கழுவ ஃபினாயிலை நம்பாதீர்கள், பார்வோ அதற்குச் சாகாது. துணி வெளுக்கும் பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர், முதலில் சோப்பு போட்டு அழுக்கை நீக்கிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மண் தரையில் இது பலிக்காது. புதுக் குட்டி எடுப்பதானால் தடுப்பூசி வரிசை முழுக்க முடிந்ததாக, அதாவது 16 வாரம் கடந்ததாக எடுங்கள்.

கே: அடுக்குமாடியில் இரண்டாம் மாடி. கோம்பை வளர்க்கலாமா? (சென்னை வாசகர்)

வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். தேனி மாவட்டம் உத்தமபாளையம் பக்கத்து மலையடிவார ஊர் கோம்பை. செவலை உடம்பும் கரிய வாயுமாக, சிப்பிப்பாறையைவிடக் கட்டுமஸ்தான காவல் நாய் இது. படிக்கட்டில் தினமும் முகம் தெரியாதவர்கள் ஏறி இறங்கும் இடம் அதற்கும் தொல்லை, அக்கம்பக்கத்துக்கும் தொல்லை. அப்படியும் வாங்குவதானால் 14 வாரத்துக்குள் பல மனிதர்களையும் சத்தங்களையும் பழக்க வேண்டும். தடுப்பூசி முடியும்வரை கையில் தூக்கிக்கொண்டே காட்டுங்கள். காலை மாலை நடை, மாநகராட்சி உரிமம், மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. காதை வெட்டிய குட்டியை 'கம்பீரம்' என்று விற்றால் வாங்காதீர்கள். அது மிருகவதைத் தடைச் சட்டத்தில் குற்றம்.

கே: கன்னிக் குட்டிக்கு 5,000 முன்பணம் அனுப்பினேன். இப்போது 'போக்குவரத்துக் காப்பீடு, திருப்பித் தரப்படும்' என்று மேலும் 7,500 கேட்கிறார்கள். (ஓசூர் வாசகர்)

அனுப்பாதீர்கள். குட்டியே கிடையாது. இன்றைய தேதி எழுதிய தாளைக் குட்டியின் பக்கத்தில் வைத்து வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள், மழுப்புவார்கள். 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு இப்போதே அழைத்து, பணம் போன கணக்கு எண்ணையும் பரிவர்த்தனை எண்ணையும் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு.