மற்றவர்கள் ஏன் வரவில்லை?

அன்புள்ள அண்ணா,

ஜப்பானிய ஆர்பிஜி விளையாட்டுகளில் (கதை மாந்தராகவே மாறி ஆடும் வீடியோ கேம்கள்) ஏழெட்டுப் பேர் நம்மோடு சேர்ந்தாலும் சண்டைக்கு மூன்று நான்கு பேர்தான் போக முடிகிறது. உலகமே அழியப்போகிற நேரத்தில் மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள். கருவியின் வரம்பு என்று விட்டுவிடாமல், இதற்குக் கதையில் வேறு காரணம் சொல்ல வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

திரையில் இடம், நினைவகம், சண்டையின் சமநிலை எல்லாம் உண்மைக் காரணங்கள்தான். ஆனால் சில விளையாட்டுகள் அந்த வரம்பிலிருந்தே நல்ல கட்டங்களை எடுத்திருக்கின்றன. அதனால் சொல்லட்டும் என்பதே என் கட்சி.

1995இல் வந்த, காலப்பயணம் பற்றிய குரோனோ டிரிக்கரைப் பாருங்கள். குரோனோ, மார்லி, லுக்கா மூவரும் கி.பி. 2300இல் ரோபோ என்ற இயந்திர மனிதனையும் சேர்த்துக்கொண்டு காலவாசலில் நுழைகிறார்கள். போய் விழுவதோ காலத்தின் முடிவில், விளக்குக் கம்பத்தடியில் நிற்கும் ஒரு கிழவர் முன்னால். நான்கு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நுழைந்தால் இங்கேதான் வந்து சேர்வீர்கள், ஒருவர் தங்கிவிடுங்கள் என்கிறார் அவர். முதலில் நம்மை விதியை மீற வைத்துவிட்டு அப்புறம்தான் விளக்குகிறார்கள். யாரை விட்டுப்போவது என்ற சங்கடம் நம் தலையில் விழுகிறது.

அதே விளையாட்டில் ரோபோ 400 ஆண்டுகள் உழைத்து ஒரு பாலைவனத்தைக் காடாக்குகிறான். அந்தக் காட்டில் ஓரிரவு எல்லாரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். அத்தனை பேரும் எப்படி ஒன்றாக வந்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது ஓட்டையாகவே படவில்லை. மூன்று மூன்று பேராகப் பார்த்துப் பழகியவர்களை ஒரே இடத்தில் பார்க்கும்போது மனம் நிறைந்துவிடுகிறது.

ஃபைனல் ஃபேன்டஸி 4இல் (1991) கதையே ஆட்களைக் கழிக்கிறது. நெருங்கிவரும் சுவர்களைத் தடுக்க பாலோம், போரோம் என்ற இரட்டைக் குழந்தைகள் தங்களைக் கல்லாக்கிக்கொள்வார்கள். பிற்பாடு அவர்கள் மீண்டுவிடுவதும், செத்ததாக நினைத்த இன்னும் சிலர் திரும்பிவருவதும் அந்த வலியை மலிவாக்கிவிட்டன.

நீங்கள் சொன்ன குறைக்கு நேரான பதில் அதே தொடரின் ஆறாம் பாகத்தில் (1994) இருக்கிறது. மொத்தம் 14 பேர், ஓர் அணிக்கு நால்வர். கடைசியில் வில்லன் கெஃப்காவின் கோபுரத்தில் மூன்று அணிகளாகப் பிரிந்து இறங்க வேண்டும். ஓர் அணி விசையை மிதித்தால்தான் இன்னோர் அணிக்குக் கதவு திறக்கும். பிடித்த நால்வரை மட்டும் வளர்த்தவர்கள் அங்கே திணறிப்போவார்கள். நீங்கள் இன்னும் ஆடவில்லையென்றால், மற்றவர்களையும் இப்போதிருந்தே சண்டைக்கு அழைத்துப் போங்கள்.