சாலைக்கு நிலம் எடுக்கிறார்கள். சொத்துரிமை அடிப்படை உரிமை இல்லையா?

சேலம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. முன்பு அது அடிப்படை உரிமைதான். அரசியலமைப்புச் சட்டத்தின் 19, 31 ஆகிய பிரிவுகளில் இருந்தது. 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம் அதை அங்கிருந்து எடுத்து, 300-ஏ பிரிவாக வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. ஆக, சட்டப்படி எடுக்கலாம். வாய்மொழி உத்தரவைச் சொல்லிக்கொண்டு வந்து வேலியைப் பிடுங்க முடியாது.

அடிப்படை உரிமை என்றால் 32-ஆவது பிரிவின்படி நேரே உச்ச நீதிமன்றம் போகலாம். சொத்துக்கு மட்டும் என்றால் அந்த வழி இல்லை, 226-இன் கீழ் உயர் நீதிமன்றம்தான். சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை வழக்கு நினைவிருக்கும். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்றது. ஆனால் அறிவிப்பு வந்த கையோடு வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியதை அதுவும் ஏற்கவில்லை. பலர் கவனிக்காத இடம் இதுதான்.

சரி, உங்கள் நிலத்துக்கு வருவது தேசிய நெடுஞ்சாலை என்றால், அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். சிட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.