விரல் ரேகையில் குடியுரிமை இல்லை

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறார். 1973-இல் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் தாத்தா வீட்டிலேயே பிறந்தவர். பிறப்புச் சான்று கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. மஸ்கட்டில் இருக்கும் தங்கைக்குப் பிரசவ நேரத்தில் துணைக்கு அம்மாவை அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் போடப் போனால் பிரவுசிங் சென்டர்காரர், "ஆதார் குடியுரிமைக்குச் செல்லாது. மொதல்ல குடியுரிமைச் சான்று வாங்கணும். கைரேகை வெச்சா நானே எடுத்துத் தரேன்" என்று 3,500 ரூபாய் கேட்டார். அம்மாவின் விரல்களை மெஷினில் வைக்கவும் வைத்துவிட்டார். பாதி விரல் பதியவில்லை. ரேஷன் கடையிலும் இதே தொல்லைதான். ரேகை விழாவிட்டால் பாஸ்போர்ட் கிடைக்காதா? அவர் எடுத்த ரேகையை வைத்து ஏதாவது செய்வாரா? நாளைக்கு எங்கள் குடியுரிமையில் சந்தேகம் என்று யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வருவார்களா?
— வாசகர், பேரணாம்பட்டு

பதில்: அந்த 3,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். கேட்டதுமே பேச்சு மாறும், பாருங்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்த மாதிரி வியாபாரம் எப்போதுமே பாதி உண்மையில்தான் ஓடுகிறது. ஆதார் எண் குடியுரிமைக்கோ நிரந்தர வசிப்பிடத்துக்கோ சான்று ஆகாது என்று 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9-ஆம் பிரிவே சொல்கிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாள் இங்கே தங்கிய வெளிநாட்டவரும் ஆதார் வாங்கலாம். ஆதார், பான், வாக்காளர் அட்டை கையில் இருப்பதாலேயே ஒருவர் குடிமகன் ஆகிவிட மாட்டார் என்று மும்பை உயர் நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் சொன்னது.

பொய் அடுத்த பாதியில் இருக்கிறது. பிறப்பால் குடியுரிமை பெற்றவருக்கு வழக்கமாகக் கொடுக்கும் 'குடியுரிமைச் சான்று' என்று ஒன்று நம் நாட்டில் இல்லை. ஒருவருடைய குடியுரிமையில் சந்தேகம் எழுந்தால், குடியுரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி மத்திய அரசு சான்று தரலாம். அது டெல்லி விவகாரம். பேரணாம்பட்டு பஜாரில் பிரிண்ட் எடுக்கிற காகிதம் இல்லை. இ-சேவையில் கிடைப்பது இருப்பிடச் சான்று, பிறப்பிடச் சான்று, சாதிச் சான்று வகையறா. அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதாங்க குடியுரிமை" என்று சொல்லியிருப்பார்.

உங்கள் அம்மாவின் குடியுரிமை அவர் பிறந்த தேதியிலும் இடத்திலும் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு: 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை போன்ற ஓரிரு விலக்குகள்தான் உண்டு. அப்பா யார், அம்மா எந்த நாடு என்ற கேள்வியே இல்லை. மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் யாரையாவது தெரிந்திருந்தால் இந்தத் தேதியின் அருமையை அவர்கள் சொல்வார்கள். இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்கு மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது இந்தப் பிரிவை வைத்துத்தான். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இன்னும் இறுக்கம். ஆக உங்களுக்கும் தங்கைக்கும் நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கும் வேர் அம்மாவின் காகிதம். அதைச் சரியாகக் கட்டிவைப்பது இந்தப் பயணத்தோடு முடிகிற வேலை அல்ல.

பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று இல்லையே என்று பயப்பட வேண்டாம். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் அது கட்டாயம். அம்மா வயதுக்காரர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்று, பான், வாக்காளர் அட்டை, எல்ஐசி பாலிசி இவற்றில் ஒன்று பிறந்த தேதிக்குப் போதும். ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவின் ஆதாரை எடுத்துப் பாருங்கள். பிறந்த தேதி 01-01-1973 என்றோ, வெறும் 1973 என்றோ இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்; அந்தக் காலத்தில் முகாம் போட்டு எடுத்தவர்கள் அப்படித்தான் தட்டிவிட்டுப் போனார்கள். ஆண்டு மட்டும் இருந்தால் கவுண்டரில் தகராறு வரும், முதலில் அதைத் திருத்துங்கள். அம்மாவுக்கு பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, பி.எஃப். கணக்கு இருந்தால் அதிலுள்ள தேதியையும் ஒப்பிடுங்கள். நம் ஊர் பீடிப் பெண்களிடம் இருக்கும் பழைய காகிதம் பெரும்பாலும் அதுதான். அதைப் பெட்டியின் அடியில் போட்டு மறந்திருப்பார்கள்.

இன்னொரு நம்ம ஊர்த் தலைவலி, மாவட்டத்தின் பெயர். அம்மா பிறந்தபோது இது வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்புறம் வேலூர். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துபோயின. குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே நிற்கின்றன. ஆம்பூர்க்காரர் கதை வேறு, அவர் இப்போது திருப்பத்தூர். என்னிடம் வழக்குக்கு வந்த ஒருவருடைய மாற்றுச் சான்றில் 'வ.ஆ. அம்பேத்கர் மாவட்டம்' என்று இருந்தது. கவுண்டரில் இருந்த பையன் அது மகாராஷ்டிராவா என்று கேட்டிருக்கிறான். விண்ணப்பத்தில் இப்போதைய மாவட்டத்தையே போடுங்கள். பழைய காகிதத்தில் வேறு பெயர் இருந்தால் மாவட்டம் பிரிந்ததைச் சொன்னால் போதும். அதற்கென்று யாரும் அஃபிடவிட் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

அவசரம் தீர்ந்ததும், தள்ளிப் போடாமல் பிறப்பையும் பதிவு செய்துவிடுங்கள். முதலில் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். மணியக்காரர், கர்ணம் காலத்துப் பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது. 'பெண்' என்று மட்டும் இருக்கும், தகப்பனார் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இல்லவே இல்லை என்றால் பதிவு இல்லை என்ற சான்றை வாங்கிக்கொண்டு குடியாத்தம் ஆர்டிஓ-விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம். ஓர் ஆண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்கு முன்பு மாஜிஸ்திரேட் கோர்ட் ஏற வேண்டியிருந்தது. இப்போது கலெக்டர், ஆர்டிஓ மட்டத்திலேயே உத்தரவு கிடைக்கும்.

இப்போது விரலுக்கு வருகிறேன். 'கைரேகை' என்று நாம் ஒரே வார்த்தையாகச் சொல்வதில் மூன்று சங்கதிகள் கலந்து கிடக்கின்றன.

கையெழுத்துக்குப் பதிலாக மை தொட்டு வைக்கும் பெருவிரல் ரேகை ஒன்று. பத்திரத்திலும் படிவத்திலும் வைப்பது. அந்தக் காகிதத்தோடு அதன் வேலை முடிந்தது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தத்துக்கு வந்த பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) படிவத்தில் கேட்டதும் இதைத்தான். மெஷினும் கிடையாது, ஓடிபியும் கிடையாது.

இரண்டாவது, பாஸ்போர்ட் சேவை மையத்தில் எடுப்பது. ஏ கவுண்டரில் புகைப்படமும் விரல் ரேகையும் எடுத்துத்தான் அடுத்த கவுண்டருக்கு விடுவார்கள். சென்னை மண்டலத்தில் 2025 மார்ச்சிலிருந்து சிப் வைத்த இ-பாஸ்போர்ட் வருகிறது. அந்த விவரம் அதற்குள் போகும். கொடுக்க மாட்டேன் என்றால் விண்ணப்பம் நகராது. ஆனால் கொடுக்க மறுப்பது வேறு, விரல் தேய்ந்திருப்பது வேறு. பாஸ்போர்ட் மறுக்கும் காரணங்களை 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. தேய்ந்த விரல் அதில் இல்லை. அப்படியும் திருப்பி அனுப்பினால் வாய்வார்த்தையோடு வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதற்கு 5-ஆம் பிரிவு இருக்கிறது. 11-ஆம் பிரிவில் மேல்முறையீடும் உண்டு.

மூன்றாவதுதான் ஆபத்தானது: ஆதாரோடு இணைந்த மெஷின். அதில் வைக்கும் விரல், வங்கிக் கணக்கைத் திறக்கும் சாவி. அந்தக் கடைக்காரர் எந்தத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு விரலைக் கேட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. இல்லாத சான்றுக்கு எந்தத் திரையும் இருக்க முடியாது. அதனால் இன்றே அம்மாவின் பேங்க் பாஸ்புக்கை என்ட்ரி போடுங்கள். மைஆதார் தளத்தில் சரிபார்ப்பு வரலாறு என்று ஒரு பக்கம் இருக்கிறது. அந்தத் தேதியில் எந்த நிறுவனம் ரேகையைச் சரிபார்த்தது என்று அதில் தெரியும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். பிறகு ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள். பூட்டினால் ரேஷன் கடையிலும் அம்மா விரல் வேலை செய்யாது. கார்டில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் போய் விரல் வையுங்கள், அல்லது வேண்டும்போது மட்டும் திறந்துகொள்ளுங்கள். அம்மாவின் ஆதார் நம்பர் உங்கள் போனோடு இணைந்திருக்கிறதா, பழைய தொலைந்துபோன சிம்மோடா என்று முதலில் பாருங்கள்.

அதிகாரம் இல்லாமலே அதிகாரம் இருப்பதாகக் காட்டி அடையாளத் தகவல் வாங்குவது ஆதார் சட்டம் 36-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு உரிய குற்றம். முன்பு ஆதார் ஆணையம் புகார் கொடுத்தால்தான் கோர்ட் கையில் எடுக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உங்கள் அம்மாவே புகார்தாரர் ஆகலாம். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. பணம் எதுவும் போகவில்லை என்றால், வழக்குக்கு அலைவதைவிட ஆதார் உதவி எண் 1947-இல் புகாரைப் பதிந்துவிட்டு பாஸ்போர்ட் வேலையைப் பாருங்கள் என்பேன்.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. ஆதாருக்குக் கொடுத்த ரேகையை எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் தரக்கூடாது என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே, 2014-இல், கோவாவில் ஒரு வழக்கில் சிபிஐ-க்கு ரேகைகளைக் கொடுக்கும்படி மும்பை உயர் நீதிமன்றம் சொன்னபோது ஆதார் ஆணையமே உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த ஆண்டு ஆதார் தீர்ப்பில், சரிபார்ப்புப் பதிவுகளை 6 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் வந்தது. ஆனால் தேசப் பாதுகாப்பு என்றால் செயலாளர் நிலை அதிகாரியின் உத்தரவில் தகவல் திறக்க 33-ஆம் பிரிவில் ஒரு கதவு உண்டு. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். 2020-இல் ஹைதராபாத்தில் 127 பேருக்கு ஆதார் அலுவலகமே குடியுரிமையை நிரூபிக்கச் சொல்லி நோட்டீஸ் விட்டது. எதிர்ப்பு வந்ததும், ஆதாருக்கும் குடியுரிமைக்கும் சம்பந்தமில்லை என்று ஆணையம் விளக்கம் கொடுத்தது. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் விரலைக் காட்டிப் பயனில்லை. 1973-இல் குடியாத்தம் பக்கம் பிறந்தவர் என்று சொல்லும் காகிதம்தான் பேசும். அதனால்தான் ஆர்டிஓ மனுவைத் தள்ளிப் போடாதீர்கள் என்கிறேன்.

பாஸ்போர்ட்டுக்கு நேராக அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். அம்மா பத்தாவது படிக்கவில்லையே என்று இசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை) முத்திரைக்குக் கவலை வேண்டாம், 50 வயது தாண்டியவருக்கு அது இல்லை. வெளியே ஆதார் ஜெராக்ஸ் கொடுக்க நேர்ந்தால் முதல் எட்டு இலக்கம் மறைத்த பிரதியைக் கொடுங்கள். எதற்காக என்று குறுக்கே எழுதித் தேதி போடுங்கள். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வருபவரிடம் அசலைக் காட்டலாம், கொடுக்க வேண்டியதில்லை.

மையத்துக்குப் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே அம்மாவைப் பீடி சுற்ற விடாதீர்கள். இலையை மடித்து மடித்து, முனையைக் குத்திக் குத்தி, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கூழாங்கல் மாதிரி வழவழப்பாகிவிடும். மெஷின் தேடும் கோடுகளே அங்கே இருக்காது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு அழைத்துப் போங்கள். அழுத்தாமல் லேசாக வைக்கச் சொல்லுங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் பெரும்பாலும் விழுந்துவிடும்.