கழுத்தில் கீறல் இல்லை, தமனியில் கிழிசல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பைக் விபத்தில் தம்பிக்குக் கழுத்தில் கீறல்கூட இல்லை. முதல் நாள் நன்றாகப் பேசினான். மறுநாள் இடது கையும் காலும் விளங்கவில்லை. ஏன்?

பதில்: கழுத்து சட்டெனப் பின்னுக்கு வளைந்து திரும்பும்போது, மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி கழுத்தெலும்புகளின் மேல் இழுபட்டு, அதன் உட்சுவர் கிழியக்கூடும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அதிலிருந்து பிரியும் துணுக்கு மூளையின் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம் வருகிறது. உங்கள் தம்பிக்கு இடப்பக்கம் செயலிழந்திருப்பதால் வலது கரோட்டிட் தமனியை உடனே பார்க்க வேண்டும். அடிபட்டதற்கும் பக்கவாதத்திற்கும் இடையே சில மணி நேரமோ சில நாட்களோ இருக்கலாம். நோயாளி நலமாகத் தெரியும் அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: தலை சி.டி. ஸ்கேன் இயல்பாக இருந்ததே?

பதில்: அது மூளையையும் எலும்பையும் காட்டும், தமனியின் உட்சுவரைக் காட்டாது. அதற்குச் சிரையில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் வேண்டும். மேல் மூன்று கழுத்தெலும்புகளிலோ மண்டையோட்டின் அடிப்பகுதியிலோ முறிவு இருந்தாலும், முகத்தின் நடு எலும்புகள் பெயர்ந்திருந்தாலும், ஒரு கண்ணில் மட்டும் இமை இறங்கிக் கண்மணி சுருங்கியிருந்தாலும் இதை எடுத்தே ஆக வேண்டும். மண்டையோட்டை ஒட்டிய பகுதி, ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரில் சரியாகத் தெரியாது.

கேள்வி: துப்பட்டா சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கியது, தோலில் சிவந்த தடம் மட்டுமே உள்ளது. பரிசோதனை தேவையா?

பதில்: தேவை, அன்றைக்கே.

கேள்வி: எல்லோருக்கும் அறுவை சிகிச்சை உண்டா?

பதில்: இல்லை. உள்விட்டம் 25 சதவீதத்துக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தால் முதல் நிலை, தமனி அறுந்து ரத்தம் வெளியே பாய்ந்தால் ஐந்தாம் நிலை என்று காயத்தைப் பிரிக்கிறோம். பெரும்பாலோருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது ஹெபாரின் போதும். மூளையிலோ மண்ணீரலிலோ ரத்தக்கசிவு இருந்தால் இந்த மருந்தை எப்போது தொடங்குவது என்பதுதான் கடினமான முடிவு. ஏழு முதல் பத்து நாட்களில் மறுபடியும் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்ப்போம். ஐந்தாம் நிலையில் தாமதத்துக்கே இடமில்லை. கை எட்டும் இடமென்றால், கழுத்தின் பக்கவாட்டுத் தசையின் முன்விளிம்பை ஒட்டித் திறந்து, காயத்துக்குக் கீழே தமனியை முதலில் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பின்னரே கிழிந்த பகுதியைத் தொடுவோம். நேரடியாகத் தைக்க முடியாவிட்டால் காலிலிருந்து எடுத்த சிரையை இடையில் வைத்துத் தைப்போம். மண்டையோட்டின் அடியில் கத்தி எட்டாது. அங்கே தொடை வழியாகக் குழாய் செலுத்தி ஸ்டென்ட் எனும் வலைக்குழாயை வைப்பதோ தமனியை அடைப்பதோதான் வழி. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லும்வரை ஒரு நாளும் விடக்கூடாது.